அந்த அக்காவின் முகம்

“கத்தி வைக்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தத் தாடை மேல ஏறியாகணும். முடியுமா, முடியாதா?”

மி-ரான் தன் கன்னங்களை இரண்டு கைகளாலும் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்தபடியே கேட்டாள். அப்குஜோங் பகுதியில் தடுக்கி விழுந்தால் ஒரு முக அழகு கிளினிக். இது அவள் ஏறி இறங்கும் நான்காவது கிளினிக்.

எதிரே இருந்த ஆலோசகர் சிரித்தாள். சிரிக்கும்போதுகூட அவள் கண்ணோரத்தில் ஒரு கோடு விழவில்லை.

“அப்படி என்ன மேடம் ஞாயித்துக்கிழமை?”

“என் பையன் கட்டிக்கப்போற பொண்ணை முதல் தடவையா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான்! போட்டோகூடக் காட்டல, நேர்லயே பாருங்கறான். ஏதோ ஆஸ்பத்திரியில வேலையாம்.” மி-ரானின் குரல் இறங்கியது. “ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தி வந்தா. என் மூஞ்சியைப் பார்த்ததுமே ‘உடம்பு முடியலையா’ன்னு கேட்டா. கல்யாணத்தன்னிக்கே மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சணும் போலன்னு பயந்து, அடுத்த வாரமே அவனைக் கழட்டி விட்டுட்டா. அவனுக்கு முப்பத்துநாலு ஆச்சு. இதுவும் என் மூஞ்சியால கெட்டுச்சுன்னா நான் தாங்கமாட்டேன்.”

“கவலையே படாதீங்க. ரெண்டு வழி இருக்கு. தோலுக்கு அடியில நூல் விட்டு இழுத்துக் கட்டலாம். இல்லேன்னா அல்ட்ராசவுண்ட் சூட்டை வச்சே தோலை இறுக்கலாம்.”

“நூல்! நல்லா இழுத்துக் கட்டச் சொல்லுங்க. அது சரி, நீங்க எதைப் பண்ணிக்கிட்டீங்க?”

“ரெண்டும். என் வயசைச் சொல்லுங்க, பார்ப்போம்.”

“முப்பது, முப்பத்தொண்ணு?”

“அம்பத்தொண்ணு!”

மி-ரான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். கிட்டே போய்ப் பார்த்தாள். எட்ட நின்று பார்த்தாள். கடைசியில் அந்தக் கன்னத்தைத் தொட்டும் பார்த்துவிட்டாள்.

“நம்பவே முடியல! என்ன மிருகம் நீங்க?”

“நாய்” என்று பட்டென்று பதில் வந்தது. சொன்ன வேகத்திலேயே ஆலோசகர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மிருகங்கள் சுற்றி வரும் என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. வயசில் சந்தேகம் வந்தால் பிறந்த வருஷத்து மிருகத்தைக் கேட்டுக் கணக்குப் போடுவதில் மி-ரானை மிஞ்ச ஆள் கிடையாது. விரல்களை மடக்கினாள்.

“நான் பன்றி, அம்பத்துநாலு. பன்றிக்கு முந்தின வருஷம் நாய். அதே மிருகம் திரும்ப வரப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அப்ப நீங்க ஒண்ணு நாப்பத்துமூணு, இல்லேன்னா அம்பத்தஞ்சு. எந்தப் பொம்பளையாவது வயசைக் கூட்டிச் சொல்லுவாளா? அடிப்பாவி, நாலு வருஷத்தை அப்படியே முழுங்கிட்டீங்களே!”

ஆலோசகரின் முகம் காது வரைக்கும் சிவந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்க... வெளியில சொல்லிடாதீங்க.”

“சொல்வேனா? இனிமே நீங்க எனக்கு அக்கா!” மி-ரான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “அம்பத்தஞ்சுல இந்த முகமா! அக்கா, எனக்கு இதுல பாதி வந்தாப் போதும்.”

படிவத்தில் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தாள். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பேனா கீழே விழுந்து உருண்டது.

“நூல் வேண்டாம்” என்றாள் திடீரென்று. “ஞாயித்துக்கிழமை முகமெல்லாம் வீங்கி, நீலம் பூத்து நிப்பீங்க. அல்ட்ராசவுண்ட் போதும். அதுவும் முழுசாத் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். உண்மையைச் சொல்லணும்னா, உங்க முகம் இப்பவே நல்லாத்தான் இருக்கு.”

“அக்கா சொன்னாச் சரி!”

சிகிச்சையில் தாடை எலும்போரத்தில் சுருக் சுருக்கென்று சூடு இறங்கியபோதெல்லாம் மி-ரான் அக்காவின் கன்னத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். கிளம்பும்போது அக்கா லிஃப்ட் வரைக்கும் வந்து, இடுப்பை வளைத்துத் தரையைப் பார்த்துக் கும்பிட்டாள். மூத்தவள் தனக்கு இப்படிக் குனிகிறாளே என்று மி-ரானுக்குக் கூச்சமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் விலா எலும்புக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மி-ரான் கண்ணாடி முன்னால் பதினோராவது தடவையாகத் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். தாடை கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் கண்ணாடியைப் பார்த்து, “வாம்மா மருமகளே!” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஓடிப் போய்த் திறந்தாள்.

பழக்கூடையோடு மகன் ஜுன்-தே. அவன் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, கிளினிக் அக்கா!

“அக்கா! நீங்களா? நீங்கதான் பொண்ணோட அம்மாவா? அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா!” மி-ரான் அவளைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தாள். பிறகு வாசலை எட்டிப் பார்த்தாள். படியில் வேறு யாரும் இல்லை. “பொண்ணு எங்கடா?”

“அம்மா, இவதான் பொண்ணு. தா-இன்.”

மி-ரான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “டேய்! அவங்களுக்கு அம்பத்தஞ்சுடா! என்னைவிட ஒரு வயசு பெரியவங்கடா!”

அக்கா பொத்தென்று மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினாள்.

“நாய் வருஷம்னு சொன்னது மட்டும் நிஜம், அத்தை... அம்பத்தஞ்சுல ரெண்டு பன்னிரண்டைக் கழிச்சிடுங்க. எனக்கு முப்பத்தொண்ணுதான், அம்பத்தொண்ணுன்னு சொல்லத்தான் கிளினிக்ல சம்பளம்!”