இரண்டாவது அலைவரிசை

படம் பாதிதான் வந்திருந்தது.

தமிழ்வாணி பட்டுச்சேலையோடு மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

ஓரியன் நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். அதற்குள் ரேடியோ தொலைநோக்கி பிடித்த சிறு புள்ளிகள் இருபதுக்கும் மேல். எல்லாம் இளம் நட்சத்திரங்கள். ஒன்றை மட்டும் அவளுக்கு முன் யாரும் பார்த்ததில்லை.

அதை வைத்துத்தான் கட்டுரை. அடுத்த வாரம் வெளியாகிறது. கட்டுரையை வைத்துத்தான் முனைவர் பட்டம்.

காலையில் சொந்த ஊரான சமயநல்லூர் முக்கில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'விண்மீன் கண்ட வீரமங்கையே!' ஒரு பக்கம் அவள் முகம். மறுபக்கம் அந்தப் புள்ளி, ஆள் உயரத்துக்கு.

அவ்வளவு பெரிதாக்கியதில் ஒன்று தெரிந்தது. பக்கத்துப் பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். புள்ளி அந்த வளையத்தின் மேல் இருந்தது.

பாராட்டு விழா மாலையில். தல்லாகுளம் வீட்டுக்குத் திரும்பியதும் தொலைநோக்கி முன்பே பதிந்து வைத்திருந்த தரவிலிருந்து அதே வானத்தை வேறொரு அலைவரிசையில் படமாக்கப் போட்டாள். நிஜ நட்சத்திரம் எந்த அலைவரிசையிலும் இடம் மாறாது. அந்த வளையம் போல, பக்கத்து ஒளியால் தொலைநோக்கியில் தோன்றும் பொய்ச்சாயல் என்றால் மாறிவிடும்.

கட்டுரைக்கு ஓர் அலைவரிசை போதும் என்று சொல்லியிருந்தார் அவளுடைய நெறியாளர்.

வாசலில் பைக் வந்து நின்றது. தாய்மாமன் பாண்டியராஜன். ஃபிளெக்ஸ் அவருடைய ஏற்பாடு.

"ஏ வாணி, மேளக்காரய்ங்க வந்துட்டாய்ங்க! நட்சத்திரம் என்ன எந்திரிச்சு ஓடியா போகப்போகுது? வா தாயி!"

"வாரேன் மாமா."

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

படம் முழுதாக வந்தது.

மற்ற புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுடையது நகர்ந்திருந்தது.

இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மறுபடி பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து நெறியாளருக்கு ஒரு வரி தட்டினாள்.

'சார், நம் புள்ளிகளில் ஒன்று இடம் மாறுகிறது.'

திட்டுவார். இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்பார். கட்டுரையை நிறுத்துவார். இன்னொரு வருடம் போகும். அப்பாவிடம் என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது.

'வேறு யாருக்காவது தெரியுமா?'

மாமா ஹாரனை விடாமல் அழுத்தினார்.

அவள் மறுபடி படித்தாள். தான் அனுப்பிய வரியையும் படித்தாள்.

எந்தப் புள்ளி என்று அவர் கேட்கவில்லை.