தகும்

மருமகள் இசக்கியை மகன் அடித்துக் கொன்றதை நேரில் பார்த்தவள் மாடத்தி ஒருத்திதான். நீதிமன்றத்தில் கூண்டேறி அதை அப்படியே சொன்னாள். ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. "அவனுக்கு நல்லா வேணும்" என்று வாசலில் நின்றவர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். போலீஸ் வேனில் ஏறுவதற்கு முன் சுடலைமணி திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"நீயும் அப்படித்தான் நெனைக்கியாம்மா?"

"ஆமாய்யா. அந்தப் புள்ள உன் காலப் பிடிச்சுக் கெஞ்சிச்சு. நீ விடலியே. இது உனக்குத் தகும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். கதவைச் சாத்தினார்கள். இசக்கியின் அப்பா கிட்டே வந்து மாடத்தியைக் கும்பிட்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. வேனின் முன்பக்கம் ஓடி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காவலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவனுக்குக் காரம் ஆகாது. சின்னதுலேருந்தே வயித்துவலி. அங்க கொழம்புல காரம் கம்மியாப் போடுவாகளா?"

காவலர் ரோட்டைப் பார்த்தார். வண்டி மெதுவாக நகர்ந்தது. பிடித்த கையை விடாமல் அவளும் கூடவே நடந்தாள்.