சாயங்கால மிஸ்டு கால்

அன்றைக்கும் சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்துக்குப் பொன்னுத்தங்கத்தின் போன் அடித்தது. ரெண்டே ரிங். கட்.

திரையில் ‘எங்க வீட்டுக்காரக’ என்று பேர் வந்து மறைந்தது.

ஜெபம் பண்ண வந்திருந்த பெண்கள் ஸ்தோத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். பாஸ்டரே பைபிளை மூடிவிட்டுப் போனை எட்டிப் பார்த்தார். பயம் வராதா பின்னே? வீட்டுக்காரர் வெள்ளைத்துரை பட்டாசுக் கம்பெனி விபத்தில் செத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணி, மேலே புல்லும் முளைத்தாயிற்று. அவருடைய பட்டன் போனையும் அவரோடு வைத்துத்தான் பெட்டியை மூடினார்கள். பொன்னுத்தங்கம்தான் அழுது அடம்பிடித்து வைக்கச் சொன்னாள். மூடுமுன் மகள் எழில்தான் உள்ளே கைவிட்டு வைத்தாள்.

காரணம் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டிலேயே வாட்ச்மேன் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார். வெள்ளைத்துரை காலையில் போனைக் கொடுக்குமுன் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார். உள்ளே போகிறேன் என்று அர்த்தம். சாயங்காலம் போனை வாங்கியதும் ஒன்று. முழுசாக வெளியே வந்துவிட்டேன் என்று அர்த்தம். அது வந்த பிறகுதான் பொன்னுத்தங்கம் அடுப்பில் உலை வைப்பாள். அந்த ஒரு நாள் மட்டும் சாயங்கால கால் வரவில்லை.

இப்போது தினமும் வருகிறது. காலையில் இல்லை, சாயங்காலம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. செத்தவருக்கும் ஞாயிறு லீவோ?

“இது அவர் இல்லம்மா,” என்றார் பாஸ்டர். “அவர் பேரச் சொல்லிக்கிட்டு வேற என்னமோ வருது. உபவாசம் இருங்க. இந்தக் கால் நிக்கணும்னு கேளுங்க.”

அவளும் இருந்தாள். பச்சைத்தண்ணி பல்லில் படாமல், முழங்காலில் நின்று, ஆண்டவரே, நாளைக்கு இந்தக் கால் வரக்கூடாது என்று கேட்டாள். மறுநாளும் வந்தது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் வந்தது.

இதில் எழில் பண்ணுகிற கூத்து வேறு. சாத்தூர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை மாறிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளிக்க ஓடுகிறாள். ஜெபத்துக்குக் கூப்பிட்டால் அசதி என்கிறாள். கால் வந்தா வந்துட்டுப் போகுது, விடும்மா என்கிறாள். செத்த தகப்பன் போனிலிருந்து கால் வருகிறதே என்று ஒரு பொட்டுப் பயம் இல்லை. பிசாசு முதலில் அவளைத்தான் பிடித்திருக்கிறது என்று ஜெபத்துக்கு வந்த ஒருத்தி காதுபடவே சொன்னாள். பொன்னுத்தங்கத்துக்கும் மகள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் பாஸ்டர் ஒரு வழி சொன்னார். அடுத்த தடவை போனை எடுத்து, இயேசுவின் நாமத்தைச் சொல்லி விரட்டச் சொன்னார்.

மறுநாள் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். நாமத்தைச் சொல்ல வாயெடுக்குமுன் அந்தப் பக்கம் மணி அடித்தது. வேறெந்த மணியும் இல்லை, கம்பெனி விடுகிற மணி. “வரிசையில வாங்கப்பா, வரிசையில,” என்று வாட்ச்மேன் சங்கிலிமுத்துவின் குரல். யாரோ மூச்சு விட்டார்கள். கட்.

குழிக்குள் மணிச்சத்தம் ஏது? மனுசன் செத்தும் அங்கனயேதான் வேலை பார்க்கிறாரா?

அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் கம்பெனிக்குப் பஸ் ஏறினாள். விபத்துக்குப் பிறகு அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்காதவள். இனி நம்ம வீட்டில் ஒருத்தரும் வெடிமருந்தைத் தொடக்கூடாது என்று கல்லறை மண் காயுமுன் மகளிடம் சத்தியம் வாங்கியவள். கேட்டுக்கு எதிரே வேலிக்கருவை நிழலில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. முழங்கை வரை வெள்ளி வெள்ளியாய் மருந்து ஒட்டிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சங்கிலிமுத்து கூடையைத் திறந்தார். தலையோடு முகத்தையும் துணியால் சுற்றியிருந்த ஒரு பெண் கூடைக்குள் கைவிட்டு ஒரு பட்டன் போனை எடுத்தாள். பின்மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்டு போட்ட போன். அந்த ரப்பர் பேண்டைப் போட்டதே பொன்னுத்தங்கம்தான்.

அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள்.

பொன்னுத்தங்கத்தின் மடியில் போன் அடித்தது. ‘எங்க வீட்டுக்காரக.’

சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். முகத்துத் துணி தானாக நழுவியது. எழில்.



“ஜவுளிக்கடையில எப்பவோ நிப்பாட்டிட்டாகம்மா,” என்றாள் எழில். “வேற எங்கனயும் வேலை கிடைக்கல. அப்பா போனையும் மண்ணுக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல, பெட்டிக்குள்ள வச்ச மாதிரி காட்டி எடுத்துக்கிட்டேன். இங்கன வாரேன்னு சொன்னா நீ விட மாட்ட. சொல்லாம இருக்கவும் முடியல. அதான் தினம் அப்பா போன்ல இருந்து சொன்னேன், இன்னைக்கும் முழுசா வெளிய வந்துட்டேன்னு.”

பொன்னுத்தங்கம் அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கின கை மகள் கன்னத்தில் ஒட்டியிருந்த மருந்தைத் துடைத்தது. இந்தக் கால் வரக்கூடாது, வரக்கூடாது என்று தான் பட்டினி கிடந்து கேட்டதெல்லாம் அப்போதுதான் நெஞ்சில் வந்து இடித்தது. அந்த ஜெபம் ஒரே ஒரு நாள் பலித்திருந்தால்?

அத்தனை ஆட்களும் பார்க்க, கம்பெனி வாசலிலேயே முழங்காலில் விழுந்தாள்.

“ஆண்டவரே, நான் கேட்டத நீர் ஒரு நாளும் குடுக்காம விட்டீரே. ஸ்தோத்திரம்.”