கிளிப்பச்சை சோபா

அந்தத் தம்பதி கடைக்குள் நுழைந்ததுமே, கிளிப்பச்சை சோபாவை இவர்கள் தலையில்தான் கட்டப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்தக் கடையில் யாரும் கிடையாது. அந்த அம்மா முன்னால் விறுவிறுவென்று நடந்து வந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கணவர் அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் வந்தார். பாவம், மனுஷருக்குப் பார்வை சரியில்லை. அப்படியானால் பேச வேண்டியது அம்மாவிடம்தான்.

"கிளிப்பச்சை யாருக்கு வேணும்? கண்ணு கூசுது" என்று மெத்தை என் காதோடு முணுமுணுத்தான். மெத்தைப் பிரிவில் நிற்பவன். அந்தப் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

அவன் சொல்லுவான், அவனுக்கென்ன. இன்றைக்கு அந்த சோபா போகவில்லை என்றால், நாளை முதல் அதோடு சேர்ந்து நானும் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கிடங்கில் பேச்சுத் துணைக்குப் பல்லிதான் உண்டு. எனக்கோ பேசாவிட்டால் சோறு இறங்காது.

எங்கள் கடை ஒரு காலத்தில் தியேட்டர். தரை இன்னமும் திரை இருந்த சுவரை நோக்கிச் சரிந்தே கிடக்கிறது. கடை திறந்த புதிதில், சாமான்கள் நேராக நிற்க வேண்டுமென்று ஆசாரி பின்கால்களைக் கொஞ்சம் அறுத்துவிட்டார். விற்ற கட்டிலெல்லாம் வாங்கியவர் வீட்டில் போய் மல்லாந்து நின்றது. அன்றிலிருந்து முன்கால்களுக்கு அடியில் கட்டை வைக்கிறோம்.

சோபாவை நோக்கி நடந்தபடியே என் வழக்கமான பாட்டை எடுத்துவிட்டேன். இந்த ஒரே சாலையில் ஐந்து தியேட்டர்கள் இருந்தன, ஒன்று கார் நிறுத்துமிடம் ஆனது, ஒன்று ஆஸ்பத்திரி ஆனது...

அந்த அம்மா என்னை முடிக்க விடவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் இருந்தது தண்டவாளத்தை ஒட்டிய தியேட்டராம். வில்லன் வாயைத் திறந்தால் சரக்கு ரயில் வந்துவிடும். அவன் என்ன மிரட்டினான் என்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியானது தகரக் கூரைத் தியேட்டர். மழை பிடித்தால் எந்தப் படமும் ஊமைப் படம்தான். இன்று வெறும் இரும்பு கேட் மட்டும் நிற்கும் தியேட்டரில், காதல் காட்சி வந்தால் கூரையில் இருக்கும் புறாக்களும் சேர்ந்து குனுகும். அதற்கு அடுத்த தியேட்டருக்கும் அதற்கும் ஒரே சுவர். இந்தப் பக்கத் திரையில் அம்மா செத்துக்கொண்டிருப்பாள், அந்தப் பக்கம் டூயட் ஓடும்.

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு படத்தின் பெயரோ ஒரு நடிகரின் முகமோ அவர் பேச்சில் வரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"இங்க நாங்க பெஞ்சு டிக்கெட், திரைக்குக் கிட்ட" என்றார். நடுவிலிருந்த நடைபாதை வழியே சரிவில் இறங்கி, கிளிப்பச்சை சோபாவுக்குப் பக்கத்தில் தானாகவே நின்றார். விலைச்சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வசதியான கை என்று கணக்குப் போட்டேன். துணியை நிதானமாகத் தடவினார். கணவர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

உட்கார்ந்ததும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். நிறம்தான் கெடுத்தது என்று நினைத்தேன்.

"முன்காலுக்குக் கட்டை வெச்சிருக்கீங்களா? எடுங்கம்மா அத."

மெத்தையும் நானும் தூக்கி உருவினோம். சோபா சுவர்ப் பக்கம் சரிந்தது. அந்த அம்மா வழுக்காமலிருக்க இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஊன்றிக்கொண்டார். எதிரே வெறும் வெள்ளைச் சுவர்.

"இதுதான் எங்க பெஞ்சு. எங்க வீட்டுத் தரை சமமா இருக்கும். அதனால கட்டைய பின்காலுக்கு அடிச்சுக் குடுத்துடுங்க."

மெத்தையைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினேன். கிடங்குப் பல்லி வேறு துணை பார்த்துக்கொள்ளட்டும்.

பில் போட கணவர் மட்டும் மேலே, வாசல் பக்கத்து மேஜைக்கு வந்தார். கட்டில்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து, எதிலும் இடிக்காமல் வந்தார். பில்லின் பொடி எழுத்தை மடமடவென்று படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கொண்டாந்து இறக்கறவங்க அவ முன்னாடி கலரப் பத்திப் பேச வேணாம்மா. கருநீலம்னு சொல்லியிருக்கேன். சின்ன வயசுலயே அவளுக்குப் பார்வை போயிடுச்சு, ஞாபகத்துல நிக்கிற கலர் அது ஒண்ணுதான். படமும் நான் காதுல சொல்றதுதான். சோகமா முடிஞ்சா கொஞ்சம் மாத்திச் சொல்லுவேன்."

எடைபோடும் என் கண்ணைக் கழற்றி அதே மேஜையில் வைத்துவிடலாம் போலிருந்தது.

அவர் வண்டி பிடிக்க வெளியே போனார். நான் கீழே ஓடினேன். அந்த அம்மா அதற்குள் எழுந்து தனியாகவே ஏறி வந்துகொண்டிருந்தார். வாசல்படி வந்ததும்தான் என் கையைப் பிடித்தார்.

"கிளிப்பச்சை ரொம்பவா கண்ணு கூசுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெத்தை முணுமுணுத்தது அவ்வளவு தூரத்திலிருந்தே கேட்டிருக்கிறது.

"கூசட்டும். அவரு கருநீலம்னுட்டாரு. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, பாவம்."

அவர்கள் ஏறிய வண்டி கிளம்பியதும் மெத்தையைக் கூப்பிட்டு, கருநீல சோபாவின் பின்கால்களுக்குக் கட்டை அடிக்கச் சொன்னேன்.