சதுக்கத்தில் ஒரு கோழி

"டேய் பேனாட், ஆட்டத்தை நிப்பாட்டு! நாளைக்கு உனக்குக் கலியாணமடா!"

பிரெடெரிசியா சதுக்கத்தின் நடுவில் நின்று ஸ்ரனிஸ்லாஸ் கத்தினான். கோழி கேட்கவில்லை. மஞ்சள் இறகு வேசத்துக்குள், முகத்தையும் மூடிய கோழித் தலையோடு, கையில் பியர்ப் போத்தலுடன் சுழன்று சுழன்று ஆடியது. சுற்றி நின்ற டெனிஷ்காரர்கள் கை தட்டினார்கள்.

எல்லாரும் மீன் தொழிற்சாலையில் பேனாட்டோடும் அவனோடும் வேலை செய்கிறவர்கள். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையைக் கடத்தி, வேசம் போட்டு, குடிக்கக் கொடுத்து, ஊர் சிரிக்க விடுவது இவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்! மாப்பிள்ளைத் தோழனான ஸ்ரனிஸ்லாஸ் போனபோது வீட்டில் பேனாட் இல்லை. வாசலில் வைத்துத் தலையில் சாக்கைப் போட்டு ஆளைத் தூக்கிப்போனதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள்.

"ஹை பேனாட்!" என்று டெனிஷ்காரன் ஒருவன் ஸ்ரனிஸ்லாஸின் முதுகில் தட்டினான்.

"நான் பேனாட் இல்லையடா. ரண்டு வரியமாச் சொல்லுறன்!"

கோழியின் செட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

"பொம்பிளையின்ர தேப்பன் ஆறு மணி ரெயிலில வாறார். குடிக்கிறவனுக்கு அமலராணியைத் தரமாட்டனெண்டு நிக்கிற மனிசன். கண்ட உடன வாயை ஊதிக் காட்டச் சொல்லுவார், தெரியும்தானே?"

கோழி விக்கியது.

"போன முறை என்னையும் ஊதச் சொன்னவர். சந்தேகம் பிடிச்ச கிழட்டு மாடு!"

கோழி நின்றது. அவன் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு உதை விட்டது.

"மாமனாரைச் சொன்னா ரோசம் வருதோ? கலியாணம் குழம்பப்போகுது, அதுக்கு ரோசப்படு!"

பேனாட்டின் வீட்டுக் கதவை அவன் திறக்கப்போக, அது உள்ளேயிருந்து திறந்தது. புதிதாக வெட்டிய தலைமயிரோடு பேனாட் நின்றான்.

"எங்கையடா போனனீ? தலைமயிர் வெட்டிப்போட்டு வந்தா ஒருத்தரையும் காணேல்லை. ஆரிது கோழி?"

கோழி இரண்டு கையாலும் தன் தலையைக் கழற்றியது. மீசை முழுக்கப் பியர் நுரையோடு, அமலராணியின் அப்பா குருசுமுத்தர்.

"முந்தின ரெயிலில வந்து உம்மைக் கையும் களவுமாப் பிடிப்பமெண்டு வாசலில நிண்டனான். நீரெண்டு நினைச்சு என்னைப் பிடிச்சிட்டாங்கள்," என்றவர், தள்ளாடித் தள்ளாடி மருமகனுக்குக் கிட்ட வந்து மூக்கை நீட்டினார்.

"அது கிடக்கட்டும் தம்பி. எங்க, வாயை ஊதிக் காட்டும் பாப்பம்!"