புல் முளைக்காத இடம்

மலேசியாவின் கிள்ளானில், மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தில், புல்டோசரை மறித்து நின்ற கணவர் அய்யாவுவைப் பிடித்து இழுத்தாள் வள்ளியம்மா.

"வாங்க, முனி நிக்கிற இடம். சுத்தி லாலாங் புல்லு ஆளுயரம் நிக்குது, அங்க மட்டும் முளைக்குதா?"

"மின்னல் விழுந்த மண்ணு ஆன்டி," என்றான் டிரைவர் கிரிதரன். "நகருங்க அங்கிள், கொண்டோ கட்டடம் வரப்போவுதுலா."

அந்த மொட்டை மண்ணை மிதிக்கப் பயந்து, வள்ளியம்மா இத்தனை வருஷமும் சுற்றிக்கொண்டுதான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவாள்.

அய்யாவு அசையவில்லை. "முனியும் இல்ல, மின்னலும் இல்ல. லாலாங் மூடி இடம் தெரியாமப் போயிடக் கூடாதுன்னு நான்தான் உப்பு கொட்டிக்கிட்டு வந்தேன்."

"எந்த இடம்?"

"செத்துப் பொறந்த நம்ம புள்ளைய எங்க புதைச்சீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. பொம்பளைக்குக் காட்டக் கூடாதுன்னுட்டாங்க. இங்கதான் வள்ளி."