குன்றத்தூரில் கேட்ட உத்தரவு

"கம்பெனியில விருப்ப ஓய்வு தர்றாங்க. வாங்கலாமா, வேணாமா? நீயே சொல்லு காந்தா" என்று கோதண்டம் பெருந்தன்மையோடு கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? குன்றத்தூர் முருகன்கிட்ட பூப்போட்டுப் பார்த்துடலாம்" என்றாள் மனைவி.

வெள்ளை ரோஜா வந்தால் வேலையை விடுவது, சிவப்பு வந்தால் விடாமல் இருப்பது என்று முடிவானது. கோதண்டமே அறைக்குள் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் கட்டினார்.

குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் போனார்கள். அடிவாரத்துப் பூக்கடையில் காந்தாவை இறக்கி, பொட்டலங்களை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனார்.

மேலே, குருக்கள் இரண்டையும் முருகன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு!

கோதண்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தினமும் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற ஆசையில், அவர் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை ரோஜாவைத்தான் வைத்திருந்தார். சாமியிடமே தில்லுமுல்லு செய்தவரை முருகன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்!

பளார் பளாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் தயாராக வைத்திருந்த விண்ணப்பத்தை நாலாகக் கிழித்தார்.

"அதான் சாமியே சொல்லிட்டாரே. நாளைக்கு டிபன் பாக்ஸுக்கு இன்னா கட்டட்டும்?" என்று சந்தோஷமாகக் கேட்டபடி முன்னால் படியிறங்கினாள் காந்தா.

அப்போதுதான் அவள் பின்னலைப் பார்த்தார். வீட்டிலிருந்து வெறும் கனகாம்பரத்தோடு கிளம்பியவள் தலையில், இப்போது இரண்டு வெள்ளை ரோஜாக்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

அவை எங்கிருந்து வந்தன என்று அவர் எந்த வாயால் கேட்பது?